கில்லோ முத்திரை குத்திய நூலக அலமாரி: பழுதுபார்த்த குறிப்புகள்

இடது ஓரத்துக் கண்ணாடிக் கதவு இப்போது எங்கும் உரசாமல் மூடுகிறது. குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடிய அறையில் நின்ற பிறகும் அதன் கீழ்மூலை விரியவில்லை. அதைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். அதே மூலை ஒருமுறை ஒட்டிய பிறகும் பிரிந்துவிட்டது. ஏன் பிரிந்தது என்பதுதான் இந்த வேலையில் நான் கற்ற மிகப் பயனுள்ள பாடம்.

1800ஐ ஒட்டிய காலத்து மகோகனி நூலக அலமாரி இது. அகலம் 213 செ.மீ., உயரம் 241 செ.மீ. மேல்பாதியில் நான்கு கண்ணாடிக் கதவுகள். கீழ்பாதியில் பலகைக் கதவுகள், நடுவில் எழுதுமேசையாகத் திறக்கும் ஆழமான இழுப்பறை. நடுப்பகுதி இரு ஓரப்பகுதிகளைவிட 11 செ.மீ. முன்தள்ளி நிற்கும். இந்த அமைப்பை இங்கிலாந்தில் பிரேக்ஃபிரண்ட் என்பார்கள். உரிமையாளர் லங்காஷயரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கதவுகள் மூட வேண்டும், தட்டுகள் புத்தகப் பாரம் தாங்க வேண்டும் என்பது அவர் கேட்டது. எழுதுமேசை இழுப்பறையின் மேல்விளிம்பில் குத்தியிருக்கும் பெயரை நம்பலாமா என்றும் சொல்லச் சொன்னார்.

இழுப்பறையை வெளியே இழுத்து, முகப்புப் பலகையின் மேல்விளிம்பில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் அந்த எழுத்துகள் தெரியும். இரும்பு அச்சால் குத்திய பெரிய எழுத்துகள்: கில்லோஸ், லான்காஸ்டர். இங்கிலாந்தின் அறைகலன்களில் செய்தவர் பெயர் கிடைப்பதே அரிது. லண்டனின் புகழ்பெற்ற பட்டறைகள்கூடப் பெரும்பாலும் பெயர் குத்தவில்லை. லண்டனிலிருந்து வெகுதொலைவில், லூன் ஆற்றங்கரைத் துறைமுக ஊரான லான்காஸ்டரில் இருந்த இந்தப் பட்டறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குத்தத் தொடங்கியது.

ராபர்ட் கில்லோ 1704இல் பிறந்தவர், தச்சுவேலை பழகியவர். 1730ஐ ஒட்டிப் பட்டறை தொடங்கினார். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செய்த மேசை நாற்காலிகளைக் கப்பலேற்றினார். திரும்பி வரும் கப்பல்களில் மகோகனி, ரம், சர்க்கரை வந்தன. 1721ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்ற நாடுகளின் மரத்துக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கியிருந்ததால் துறைமுகத்துத் தச்சருக்கு நல்ல மரம் கட்டுபடியான விலையில் கிடைத்தது. அவர் மகன் ரிச்சர்ட் கட்டடக்கலையும் அறிந்தவர். லான்காஸ்டரின் செயின்ட் ஜார்ஜ் கீ என்ற கப்பல்துறையில் 1764இல் எழுந்த சுங்க மாளிகை அவர் வடிவமைத்ததே. 1769இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் கிளை திறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் குடும்பத்தின் கையைவிட்டுப் போனாலும் பெயர் தொடர்ந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் அது வேரிங் அண்ட் கில்லோ ஆயிற்று.

ஆனால் முத்திரை இருப்பது ஒரே ஒரு பலகையில். இழுப்பறை கில்லோவுடையது என்று அது சொல்லும். அலமாரி முழுவதும் கில்லோவுடையது என்று சொல்லாது. பெரிய வீடுகள் கலைந்தபோது ஓர் அலமாரியின் மேல்பாதியும் இன்னொன்றின் கீழ்பாதியும் சேர்ந்து ஒன்றாக விற்கப்பட்டது இங்கிலாந்தில் சாதாரணம். அதனால் கழற்றும்போதே சாட்சிகளைச் சேர்க்க முடிவு செய்தேன்.

கழற்றுதல்

இவ்வளவு பெரிய அலமாரி ஒரே பெட்டியாக இருப்பதில்லை. மேலே முடிபோல் நிற்கும் அலங்கார விளிம்பான கார்னிஸ் தனி. அதன் கீழே மூன்று பெட்டிகள், அவற்றின் கீழே இன்னும் மூன்று, எல்லாவற்றுக்கும் அடியில் பீடம். பெட்டிகளைப் பக்கவாட்டில் திருகுகள் இணைக்கின்றன. கார்னிஸ் தன் பாரத்தாலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே சிறு கட்டைகள் நகராமல் பிடிக்கும். அதை இறக்க இரண்டு பேர் போதும் என்று நினைக்க வேண்டாம். மூன்றாமவர் நடுவில் தாங்காவிட்டால் மூலை இணைப்பு திறந்துகொள்ளும்.

ஒவ்வொரு திருகையும் அது வந்த துளையின் எண்ணெழுதிய உறையில் போட்டேன். இது வெறும் ஒழுங்குக்காக அல்ல. கையால் அரம் போட்டுச் செய்த பழைய திருகுக்கு நுனி கூராக இருக்காது, மழுங்கலாக முடியும். தலையில் உள்ள வெட்டு நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும், மரைகள் ஒரே சீராக இரா. கூர்நுனி கொண்ட இயந்திரத் திருகுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவின. பெட்டிகளை இணைத்த எல்லாத் திருகுகளும் மழுங்கல் நுனி. கார்னிஸின் உள்கட்டைகளைப் பிடித்தவை மட்டும் கூர்நுனி. அந்தக் கட்டைகளின் பைன் மரமும் மற்ற பைனைவிட வெளிறியிருந்தது. ஆகவே கார்னிஸ் பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்டது அல்லது மாற்றப்பட்டது.

மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றாகப் பிறந்தவையா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கீழ்ப்பெட்டிகளின் மேற்புறத்தில் கிடைத்தது. வெளியே தெரியும் முன்விளிம்பில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு மகோகனி. மேல்பெட்டி உட்கார்ந்து மறைக்கும் இடமெல்லாம் இழைக்காத பைன். தனியாக நின்ற தாழ்வான அலமாரி என்றால் மேற்புறம் முழுக்க மகோகனி போட்டிருப்பார்கள். மறையும் இடத்தில் விலைமிகுந்த மரத்தை எந்தப் பட்டறையும் வீணாக்காது. மேல்பெட்டியின் அடித்தடமும் அந்தப் பைன் பரப்பில் பொருந்தியது: தடத்துக்கு வெளியே மரம் கறுத்திருந்தது, உள்ளே தேன்நிறம். முதுகுப் பலகைகள் மேலும் கீழும் ஒரே வகைச் சட்டமும் நடுப்பலகையுமாக, ஒரே அகலச் சட்டங்களோடு இருந்தன. தட்டுகளின் பின்விளிம்பில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள், பக்கப்பலகையின் பள்ளங்களுக்குப் பக்கத்திலும் அதே எண்கள், அதே அகல உளி. பீடத்துக்கும் இழுப்பறைக்கும் இதே சோதனைகளைச் செய்தேன், ஒன்றும் முரண்படவில்லை. கார்னிஸ் தவிர மற்றது எல்லாம் ஒரே பட்டறைக் கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முத்திரையைவிட அந்த இழைக்காத பைன் எனக்குப் பெரிய ஆதாரம்.

மரவண்டு, முதுகுப் பலகை

பீடத்தின் பின்பக்கப் பைனில் 1.5 முதல் 2 மி.மீ. துளைகள். துளைக்குக் கீழே கறுப்புத் தாள் விரித்துவைத்தேன். கோடை முடியும்வரை புதுத்தூள் விழவில்லை. மகோகனியின் வைரத்தை (கெட்டியான நடுமரத்தை) இந்த வண்டு தொடவில்லை. பைனில் மட்டும் பெர்மெத்ரின் கலந்த திரவத்தைத் தூரிகையால் பூசினேன். உதிர்ந்த இடங்களில் அசிட்டோனில் கரைத்த பேரலாய்ட் பி72 பிசினை ஊசியால் ஏற்றிக் கெட்டிப்படுத்தினேன்.

முதுகில் இரண்டு நடுப்பலகைகள் பிளந்திருந்தன. காரணம் வெளிப்படை. சட்டத்தின் பள்ளத்தில் தளர்வாக நின்று, ஈரம் ஏறும்போது விரியவும் காயும்போது சுருங்கவும் வேண்டிய பலகையை யாரோ சுற்றிலும் பசைபோட்டு இறுக்கிவிட்டார்கள். ஹீட்டர் ஓடும் அறையில் காற்றின் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கியதை அளவி காட்டியது. சுருங்க இடமில்லாத மரம் பிளக்கத்தான் செய்யும். பசையை உடைத்துப் பலகைகளை விடுவித்தேன். பிளவில் பழைய பைனிலிருந்து இழைத்த மெல்லிய சக்கையைச் செருகி ஒட்டினேன். சட்டத்துப் பள்ளத்தில் ஒரு சொட்டுப் பசைகூட இல்லை.

கதவின் மூலை

இடது ஓரத்துக் கதவு 9 மி.மீ. தொய்ந்திருந்தது. கீல்களைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், ஆனால் அவை நன்றாக இருந்தன. குறுக்குச் சட்டத்தின் கழுந்து, அதாவது துளையில் செருகும் நாக்கு, நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் ஆடியது. பிரித்தால் உள்ளே ரப்பர் மாதிரி வெள்ளைப் படலம். முன்பு பழுதுபார்த்தவர் இப்போது கடையில் புட்டியில் விற்கும் வெள்ளைப் பசையை ஊற்றியிருக்கிறார்.

கில்லோ பட்டறை பயன்படுத்தியது வச்சிரம், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நம் தச்சர்களுக்கும் அது புதிதல்ல. வெந்நீர் பட்டால் இளகும், ஸ்பிரிட் பட்டால் காய்ந்து நொறுங்கும், மேலேயே புது வச்சிரம் போட்டால் பழையது இளகிப் புதியதோடு சேர்ந்துகொள்ளும். இருநூறு ஆண்டுகளாக ஒவ்வொரு தலைமுறையும் பிரித்து மறுபடி ஒட்ட முடிந்ததற்குக் காரணம் அந்தக் குணம்தான். வெள்ளைப் பசையில் அது கிடையாது. மரத்தின் துளைகளை அடைத்துக்கொண்டு, அடுத்து வரும் எந்தப் பசையையும் உள்ளே விடாது.

முதல்முறை உளியால் படலத்தைச் சுரண்டினேன், கண்ணுக்கு மரம் தெரிந்தது, வச்சிரம் போட்டு இறுக்கினேன். கதவைத் தொங்கவிட்டுச் சில நாள்களிலேயே அதே மூலை விரிந்தது. பிரித்துப் பார்த்தபோது என் பசை ஒரு பக்கத்தில் கண்ணாடி உரிவதுபோல் முழுதாகக் கழன்று வந்தது. மரத்தை அது பிடிக்கவே இல்லை.

இரண்டாம் முறை செய்தது இது. வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த பருத்தித்துணியைக் கழுந்தில் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் மூடி விட்டேன். படலம் வெளுத்து மெத்தென்று ஆனதும் மரக்குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் எடுத்தேன். துளைக்குள்ளும் அதேபோல. காய்ந்த பிறகு கூரான உளியால் ஒரு தாள் கனம் சீவினேன். அடுத்துதான் முக்கியமான சோதனை: ஒரு சொட்டு வெந்நீரை மரத்தில் விட்டுப் பார்ப்பது. சொட்டு உடனே பரவி இறங்கினால் மரம் திறந்திருக்கிறது. முத்தாக நின்றால் படலம் இன்னும் இருக்கிறது. இரண்டு இடங்களில் முத்தாக நின்றது, அங்கே மறுபடி வினிகர். முதல்முறையே இந்தச் சொட்டுச் சோதனையைச் செய்திருந்தால் ஒரு முழுப் பசைவேலை மிச்சமாகியிருக்கும். வெள்ளைப் பசையைக் கண்டாலே இதைச் செய்யுங்கள்.

சீவியதில் கழுந்து மெலிந்துவிட்டது. வெர்னியர் அளவியில் பார்த்தால் துளையைவிட 0.8 மி.மீ. குறைவு. பழைய மகோகனியிலிருந்து இழைப்புளியால் எடுத்த 0.4 மி.மீ. சீவல்களை இரு பக்கமும் ஒட்டி, காய்ந்த பின் கையால் அழுத்தினால் நுழையும் அளவுக்குத் தேய்த்தேன்.

வச்சிரம் காய்ச்சும் அளவு: மணிமணியாக வரும் பசை ஒரு பங்கு, தண்ணீர் எடையில் இரண்டு பங்கு. சில மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்து 60 முதல் 65 டிகிரி வரை சூடு. 70ஐத் தாண்டினால் பசையின் பலம் போகும். நான் வாங்கியது, பசையின் பலத்தைக் குறிக்கும் அளவில் 192 கிராம் ரகம். அறைச்சூடு குறைந்தால் பசை தூரிகையிலேயே உறைந்துவிடும். அதனால் சட்டங்களை முன்கூட்டியே சூடான காற்றால் வெதுவெதுப்பாக்கினேன். காய்ந்த பசையின் எடையில் பத்தில் ஒரு பங்கு யூரியா கலந்ததால் மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்க இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் கிடைத்தது. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, 1 மி.மீ.க்குள் சமமானதும் கிளாம்பை இறுக்கினேன்.

கண்ணாடியும் அதன் சட்டங்களும்

ஒவ்வொரு கதவிலும் 13 துண்டுக் கண்ணாடி, இங்கிலாந்தின் பழைய நூலக அலமாரிகளில் அடிக்கடி காணும் அமைப்பு. நேரும் சாய்வுமாக மெல்லிய மரச்சட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்கும். ஒவ்வொரு சட்டமும் இரண்டு பாகம். முன்னால் 13 மி.மீ. அகலமுள்ள அரைவட்ட முகம். பின்னால் 3 மி.மீ. கனத்தில் ஒரு விலா, முகத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். விலாவின் இரு பக்கமும் கண்ணாடி, அதன் மேல் மக்கு, அதாவது கண்ணாடியைப் பிடித்துவைக்கும் பூச்சு. விலாக்கள் சந்திக்கும் இடங்களில் பின்பக்கம் சிறு துணித் துண்டுகளை வச்சிரத்தில் தோய்த்து ஒட்டியிருந்தார்கள். இவ்வளவு மெல்லிய அமைப்பு எடையைத் தாங்க அந்தத் துணியும் ஒரு காரணம். அவற்றைப் பெயர்க்காமல் விட்டேன், உளுத்துப்போன நான்கை மட்டும் புது லினன் துணியால் மாற்றினேன்.

தொய்ந்த கதவில் இரண்டு சட்டங்கள் உடைந்திருந்தன, இரண்டு கண்ணாடிகள் இக்காலத்து 4 மி.மீ. தட்டைக் கண்ணாடி. அசல் கண்ணாடி 1.5 முதல் 2 மி.மீ. ஊதி, சுழற்றி, வட்டத் தட்டாக விரித்து வெட்டியது. பார்வையைச் சாய்த்தால் வளைகோடுகளாக அலை தெரியும். புதுக்கண்ணாடியின் கூடுதல் எடையும் அந்த மூலையை இழுத்திருக்கும். உடைந்த பழைய படச்சட்டங்களை ஏலக்கடையில் வாங்கி அவற்றின் கண்ணாடியைப் பயன்படுத்தினேன். காலம் முழுமையாகப் பொருந்தாது. கனமும் மெல்லிய அலையும் பொருந்தின. பழைய கண்ணாடியைக் குளிர்ந்த அறையில் வெட்டக் கூடாது. வெதுவெதுப்பாக்கி, வெட்டுச் சக்கரத்தில் எண்ணெய் தொட்டு, ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும்.

கல்லான பழைய மக்கைச் சூடான காற்றால் இளக்க முயல வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். சூடான சாலிடரிங் அயர்னின் முனையை மக்கில் மட்டும் படும்படி வைத்து, ஒரு விரல் நீளம் இளகியதும் மரக்கத்தியால் எடுத்து, அடுத்த விரல் நீளத்துக்குப் போனேன். மெதுவான வேலை. பழைய கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. புது மக்கு ஆளிவிதை எண்ணெயும் சீமைச்சுண்ணாம்புப் பொடியும் பிசைந்தது. மரநிறத்துக்குக் கொஞ்சம் காவிப்பொடி.

இந்தப் பழுதில் எனக்கு மிகப் பிடித்த வேலை, அந்த அரைவட்ட முகத்தை மறுபடி உருவாக்கியதுதான். மரம் குடையும் ரூட்டர் இயந்திரத்துக்குக் கடையில் விற்கும் எந்த அலகும் அந்த வளைவோடு பொருந்தாது. பழைய இரும்புவாள் அலகு ஒன்றை உடைத்தேன். நல்ல சட்டத்தில் மெழுகை அழுத்தி வளைவின் அச்செடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து அலகின் நுனியை வட்ட அரத்தால் குழித்தேன். இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் அலகை இறுக்கி, கட்டையின் விளிம்பையே வழிகாட்டியாக வைத்து, மரத்தின் மேல் மெல்ல இழுத்துச் சுரண்டினால் வளைவு தானாக உருவாகி வரும். கட்டையின் அடி மரத்தைத் தொட்டதும் வெட்டு நின்றுவிடும், ஆழம் மீறாது. 18ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளும் நுண்ணிய வளைவுகளை இப்படியே சுரண்டித்தான் எடுத்தன. முகத்தை அகலப் பலகையின் விளிம்பில் உருவாக்கிய பிறகு ரம்பத்தால் அறுத்தெடுக்க வேண்டும். முதலிலேயே மெல்லிய கீற்றாக அறுத்துவிட்டால் பிடிக்க முடியாமல் நெளியும்.

மரம் எங்கிருந்து

இழுப்பறையின் கீழ்விளிம்பிலும் ஒரு பலகைக் கதவிலும் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, பெயர்ந்திருந்தது. பழைய வெனீர் ரம்பத்தால் அறுத்தது. வெர்னியரில் 1.6 மி.மீ. இப்போது விற்பது கத்தியால் சீவியது, 0.6 மி.மீ. தான். அதை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி மட்டம் செய்வோர் உண்டு. ஒவ்வொரு பசை அடுக்கும் ஈரத்தில் வெவ்வேறாக அசையும், கொஞ்ச காலத்தில் விளிம்பு தூக்கும். நான் அதைச் செய்வதில்லை. 19ஆம் நூற்றாண்டு உடுப்பலமாரி ஒன்றின் உடைந்த பக்கப்பலகையை வாங்கி, பேண்ட்சா என்ற பட்டை ரம்ப இயந்திரத்தில் 2.2 மி.மீ. அறுத்து, 1.7க்கு இழைத்தேன்.

பழைய பலகையைத் தேடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கியூபா, ஜமைக்கா மகோகனியான ஸ்வீட்டனியா மகாகனியின் பன்னாட்டு வணிகம் 1992லிருந்தும், ஹோண்டுராஸ் மகோகனியான ஸ்வீட்டனியா மாக்ரோஃபில்லாவின் வணிகம் 2003லிருந்தும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் இப்போது நடப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அலமாரியின் கதவுச் சட்டங்களில் மரத்துளைகளுக்குள் வெள்ளைத் துகள் தெரிந்தது, கையில் கனத்தது. மேற்கிந்தியத் தீவு மரத்துக்கு உரிய அடையாளம் அது. உட்பலகைகள் இலேசானவை, துளை பெரியவை. ஜமைக்காவில் எட்டும் இடத்து மரம் தீர்ந்துபோக, ஹோண்டுராஸ் மரம் வரத்தொடங்கிய காலத்தோடு இந்தக் கலவை பொருந்துகிறது.

அந்த மரத்தை வெட்டியது யார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. இன்றைய பெலீஸ் காடுகளில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கூட்டம் கூட்டமாக வேலைசெய்தார்கள். ஒருவர் உயர்ந்த மரத்தில் ஏறிக் காட்டைப் பார்த்து மகோகனி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். வெட்டிய அடிமரங்களைப் பகல் வெயிலுக்குப் பயந்து இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் மாடுகள் இழுத்துவரும். மழைக்கால வெள்ளத்தில் ஆற்றில் மிதந்து கடலுக்கு வரும். லான்காஸ்டரும் அடிமை வணிகக் கப்பல்களை அனுப்பிய துறைமுகம்தான். ரிச்சர்ட் கில்லோ வடிவமைத்த சுங்க மாளிகை நிற்கும் அதே கப்பல்துறையில், பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கான நினைவுச்சின்னம் 2005இல் நிறுவப்பட்டது. இந்த அலமாரியின் பாரம்பரியம் என்று யாராவது எழுதினால் புறாவால் வடிவ மர இணைப்பின் நேர்த்தியோடு இதுவும் அதில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இரண்டையும் சேர்த்தே எழுதினேன்.

வெனீர் ஒட்டுக்குத் திரும்புகிறேன். ஒட்டுத் துண்டைச் சதுரமாக வெட்டினால் ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு கண்ணில் குத்தும். ரேகை ஓடும் திசையில் இரு முனையும் கூராக, நீண்ட இலை வடிவில் வெட்டினேன். பழைய வெனீரின் உடைந்த விளிம்பையும் அதே வடிவுக்குக் கத்தியால் திருத்தினேன். வச்சிரம், மேலே செய்தித்தாள், அதன்மேல் சூடாக்கிய பலகை, கிளாம்ப். நிறம்தான் சிரமம் தந்தது. வெயில் பட்ட பழைய மகோகனி வெளுத்துப் பொன்னிறமாகும், உள்ளிருந்து அறுத்த துண்டு சிவந்து நிற்கும். சிவப்பை உடனே வெளுக்க வைப்பது கடினம். அதனால் வேண்டிய நிறத்தைவிடச் சற்று வெளிறிய துண்டையே தேர்ந்து, வான்டைக் பிரவுன் சாயத்தை நீரில் மிக நீர்க்கக் கரைத்து அடுக்கடுக்காக ஏற்றினேன். பழைய பட்டறை முறைப்படி பொட்டாசியம் டைகுரோமேட் பூசினால் விரைவாக நிறம் வரும். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். என் பட்டறைக்குள் அதை விடுவதில்லை.

மேல்பூச்சு

அலமாரி முழுக்கக் கறுத்திருந்தது. புற ஊதா விளக்கில் ஆரஞ்சு ஒளி வந்தது, அது அரக்கு. அதன் மேல் தெளிவில்லாத வெண்மை, மெழுகும் அழுக்கும். கணப்புகளில் நிலக்கரி எரித்த வீடுகளின் புகை மெழுகோடு சேர்ந்து இறுகியிருக்கிறது. அரக்குப் பாலிஷ் இங்கிலாந்தில் 1820களில்தான் பரவியது. ஆகவே இது அலமாரியோடு பிறந்த பூச்சு அல்ல. இருந்தும் அதை உரிக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். உரித்தால் வெளுத்த பொன்னிற மேற்பரப்பும் சேர்ந்து போய்விடும், அதை யாராலும் மறுபடி உண்டாக்க முடியாது.

மெழுகுக்கு ஒயிட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான், பஞ்சுக் குச்சியால் உள்ளங்கையளவு இடமாக. மிஞ்சிய அழுக்குக்கு 2 சதவீத டிரையம்மோனியம் சிட்ரேட் கரைசல், உடனே சுத்த நீரால் துடைப்பு. நீரும் வச்சிரமும் பகை, அதனால் குச்சி ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. ஆளிவிதை எண்ணெய், வினிகர், டர்பன்டைன், ஸ்பிரிட் கலந்த ‘புத்துயிர்’ கலவையைப் பலர் பரிந்துரைப்பார்கள். பூசிய அன்று பளபளக்கும். எண்ணெய் உள்ளேயே கறுத்து இறுகிவிடும், அடுத்து வருபவரால் அதை எடுக்க முடியாது. தேய்ந்த இடங்களில் மட்டும் ஜார்க்கண்டிலிருந்து வரும் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மூடிய துணி உருண்டையால் ஏற்றினேன். கடைசியில் மெல்லிய மெழுகு.

இழுப்பறையின் ஓக் மரப் பக்கங்கள் அடியில் 4 மி.மீ. தேய்ந்திருந்தன. தேய்ந்த பகுதியை நேராக இழைத்து, ஓக் கீற்று ஒட்டி, மறுபடி உயரம் பார்த்துச் சீவினேன். பூட்டுகளுக்கு எண்ணெய் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

செலவு

கில்லோ பட்டறையின் மதிப்பீட்டு ஏடுகள் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் சிறு படம் வரைந்து, கீழே மரம், பித்தளை, பசை, வேலையாள் கூலி என்று கணக்கெழுதுவது அவர்கள் வழக்கம். என் கணக்கையும் அந்த முறையில் வைத்தேன். பழைய மகோகனிப் பலகை 45 பவுண்டு, கண்ணாடிக்காக வாங்கிய படச்சட்டங்கள் 30, வச்சிரம் 14, அரக்கு 22, மரவண்டு மருந்து 18, பிசினும் அசிட்டோனும் 26, புற ஊதா விளக்கு 16, வேன் வாடகை 85. ஆக 256 பவுண்டு. கூலி தனி, அது இதைப்போல் பல மடங்கு. கூலியைக் கேட்டு உரிமையாளர்கள் பின்வாங்குவது இதனால்தான். பழைய மகோகனி அறைகலன்களின் சந்தை விலை கடந்த இருபது ஆண்டுகளில் மிகவும் இறங்கிவிட்டதால், பழுதுக்கூலி சில சமயம் பொருளின் விலையையே தாண்டும்.

அடுத்த முறை மாற்றிக்கொள்ள வேண்டியவை. கழற்றுவதற்கு முன் கதவுகளின் மூலைவிட்டங்களை அளந்து எழுதிக்கொள்வேன். இம்முறை தொய்ந்த கதவை மட்டும் அளந்தேன், மற்ற மூன்றும் எவ்வளவு அசைந்தன என்று ஒப்பிட வழியில்லாமல் போனது. மக்கு முழுதாகக் காயும்வரை கதவைப் படுக்கவைக்க இடம் ஏற்பாடு செய்த பிறகே கண்ணாடி வேலையில் இறங்குவேன். பட்டறையில் இடமில்லாமல் முன்கூட்டியே தொங்கவிட்டதில் ஒரு கண்ணாடி அரை மி.மீ. கீழிறங்கிவிட்டது. வெனீர் துண்டுகளை வேலை தொடங்கும் நாளிலேயே அறுத்துச் சன்னல் வெயிலில் வைத்துவிடுவேன், சாயம் பாதியாகக் குறையும். அலமாரியை வீட்டில் நிறுத்தும் இடத்தையும் முதலிலேயே போய்ப் பார்ப்பேன். இந்த அலமாரி ஹீட்டருக்கு நேர் எதிரே நின்றிருந்தது. இப்போது எதிர்ச்சுவருக்கு மாறியிருக்கிறது, பக்கத்தில் ஓர் ஈரப்பத அளவி. அது 45க்குக் கீழே இறங்கினால் எனக்குச் சொல்லும்படி உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். கார்னிஸின் கூர்நுனித் திருகுகளை மாற்றவில்லை. அவை வந்த காலத்துக்கு அவையே சாட்சி என்பதால் அதே துளைகளில் திரும்பப் போட்டேன்.